பங்குனியில் பெயர் சொல்லும் குருவி

(பொன்னேரியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழவேற்காட்டு ஏரிப் பறவைகளைப் பற்றிப் பேச்சு என்று சொன்னவுடன், வாத்தியார் பூநாரையைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று நினைத்திருப்பீர்கள். சென்னையிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள்? பூநாரைக்கு. படகுக்குப் பேரம் பேசுகிறவர்கள் எதற்குப் பேசுகிறார்கள்? பூநாரைக்கு. பத்திரிகையில் ஏரியின் படம் வந்தால் அதில் என்ன இருக்கிறது? அதுவும் பூநாரைதான். நல்ல பறவை, அழகான பறவை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் பூநாரைக்கு ஆள் இருக்கிறது. அதைப் பார்க்கப் படகேறப் போகிறவர்களின் காலடியில், சேற்றோரத்தில், வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு ஓடி ஓடிப் பூச்சி பொறுக்குகிறதே ஒரு குருவி, அதற்குத்தான் ஆள் இல்லை.

வாலாட்டிக் குருவி. இன்றைய பேச்சு அதைப் பற்றி. சரியாகச் சொன்னால், அதன் தலையைப் பற்றி.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஒரு குருவியின் தலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது? பழவேற்காட்டிலிருந்தும் சுற்றியுள்ள குப்பங்களிலிருந்தும் வந்திருக்கிறவர்களிடம் நான் ஒன்று திருப்பிக் கேட்கிறேன். தட்டில் கிடக்கிற மடவை மீனைப் பார்த்த மாத்திரத்தில், இது ஏரி மடவை, இது கடல் மடவை என்று சொல்கிறீர்களே, எப்படிச் சொல்கிறீர்கள்? வாங்க வந்த சென்னைக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். உங்களுக்கு ஒன்றில்லை. அந்தக் கண்தான் எனக்கு வேண்டும். அந்தக் கண்ணைக் குருவி மேல் வைத்தால் என்ன தெரியும் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகிற சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். திருப்பாலைவனம் தாண்டி, ஆண்டார்மடம் பக்கம், அறுவடை முடிந்த வயல். தாள் நிற்கிறது, ஈரம் காயவில்லை, மாடு மேய்கிறது. மாட்டின் குளம்புக்குப் பக்கத்தில் மஞ்சளாக நாலைந்து ஓடும். அதுதான் மஞ்சள் வாலாட்டி. ஐந்து ரூபாய் நாணயம் மூன்றை உள்ளங்கையில் வைத்தால் என்ன எடையோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அதன் எடை. அந்த எடையை வைத்துக்கொண்டு அது சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் புரட்டாசி, ஐப்பசியில் இங்கே வந்து சேர்கிறது. பங்குனி முடிவதற்குள் பெரும்பாலும் கிளம்பிவிடுகிறது.

1758இல் இயற்கை அறிஞர் லின்னேயஸ் இதற்கு மோட்டசில்லா ஃபிளாவா என்று பெயர் வைத்தார். இரண்டு சொல். ஆனால் இந்தக் குருவிக்கு இரண்டு சொல் போதவில்லை. மூன்றாவது சொல் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. ஏன்? இது முட்டையிடுகிற நாடு ஐரோப்பாவிலிருந்து ஆசியாவின் கிழக்கு வரை பரந்து கிடக்கிறது. ஒவ்வொரு சீமையிலும் ஆண் குருவியின் தலை ஒவ்வொரு மாதிரி. வடக்கே ஸ்காண்டிநேவியாவிலும் சைபீரியாவிலும் முட்டையிடுகிறவற்றுக்குத் தலை கருஞ்சாம்பல், கன்னம் அதைவிடக் கருப்பு, புருவக்கோடு கிடையாது. அது துன்பெர்கி. வோல்காவுக்குக் கிழக்கே, கசகஸ்தான் புல்வெளிப் பக்கத்துக் குருவிக்கு வெளிர் நீலம் கலந்த சாம்பல் தலை, அதில் பட்டையாக வெள்ளைப் புருவம். அது பீமா. 1832இல் கர்னல் சைக்ஸ் என்பவர் தக்காணத்தில் பார்த்து வைத்த பெயர். பால்கன் நாடுகள், துருக்கி தொடங்கி மத்திய ஆசியா வரை இருப்பதற்கு, எண்ணெய் தடவின மாதிரி மினுங்குகிற முழுக் கருந்தலை. அது ஃபெல்டெக். நம் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படுவது சாம்பல் தலை. கருந்தலை இங்கே அரிது.

இந்த மூன்றாவது சொல்லுக்குரிய பிரிவைத்தான் துணையினம் என்கிறோம். இனம் ஒன்று, ஊர் வேறு, அடையாளம் வேறு, எல்லையில் சந்தித்தால் ஒன்றோடொன்று கூடிக் குஞ்சு பொரிக்கும். உங்களுக்கு இதைவிட எளிதாகச் சொல்கிறேன். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம். பேச்சு ஒன்றுதான், தொழில் ஒன்றுதான், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் உண்டு. ஆனாலும் யார் எந்தக் குப்பம் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியும். ஏரியில் பாடு என்று வைத்திருக்கிறீர்கள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை போட்டு, பல ஊர் ஆட்கள் ஒரே நீரில் தொழில் செய்கிறார்கள். வாலாட்டிக்கு இந்த ஏரிக்கரையும் வயலும் அப்படிப்பட்ட ஒரு பொதுப் பாடு. முட்டையிடும்போது ஆயிரக்கணக்கான மைல் தள்ளித் தள்ளி இருக்கிற கூட்டமெல்லாம், குளிர்காலத்தில் இங்கே ஒரே மாட்டின் காலடியில் மேய்கிறது.

அப்படியானால் போய்ப் பார்த்தவுடன் இது துன்பெர்கி, இது பீமா என்று எழுதிவிடலாமே? அங்கேதான் சிக்கல். ஐப்பசியில் வருகிற குருவி தன் முகத்தைக் காட்டாது. அப்போது எல்லாம் மண் நிறம். பெட்டையும் அப்படி, அந்த ஆண்டுக் குஞ்சும் அப்படி, வளர்ந்த ஆணும் பாதிக்கு மேல் அப்படித்தான். தையில் இறகு மாறத் தொடங்குகிறது. மாசியில் தலையில் திட்டுத் திட்டாக நிறம் ஏறுகிறது. பங்குனியில் ஆண் முழு முகத்தோடு நிற்கிறது. நின்று எத்தனை நாள்? சில வாரம். பிறகு போய்விடும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவை எண்ணுகிறார்கள். நல்ல வழக்கம், நானும் எண்ணுகிறேன். ஆனால் பொங்கலுக்கு இந்தக் குருவி தன் பெயரைச் சொல்லாது. மாசியில் முணுமுணுக்கும். பங்குனியில்தான் வாய் திறந்து சொல்லும்.

இந்த இடத்தில் நான் பட்ட பாடு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதம், காலை பத்தரை மணி. வெயில் எனக்கு எதிரே. வரப்பில் ஒரு ஆண் வாலாட்டி நிற்கிறது. தலை கருப்பு. கன்னம் கருப்பு. புருவம் இல்லை. எனக்குக் கை நடுங்குகிறது. கருந்தலை வாலாட்டி! நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி இரண்டு கோடு போட்டேன். வீட்டுக்கு வந்து மூன்று நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மறுநாள் விடிந்ததும் அதே வரப்புக்குப் போனேன். இந்த முறை சூரியன் என் முதுகுப் பக்கம். அதே குருவி. தலை என்ன நிறம்? சாம்பல்! நல்ல கருஞ்சாம்பல், கன்னம் மட்டும்தான் கருப்பு, பிடரியில் சாம்பல் மெல்ல மெல்லப் பச்சையில் கரைகிறது. சாதாரணத் துன்பெர்கி. நேற்று நான் பார்த்த கருப்பு குருவியின் கருப்பு இல்லை, வெயிலின் நிழல். மூன்று நண்பர்களுக்கும் மறுபடி தொலைபேசி செய்தேன். அந்த மூன்றாவது அழைப்பு இருக்கிறதே, அது கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது.

நோட்டில் எழுதியதை நான் அடிக்கவில்லை. பக்கத்தில் எழுதினேன்: எதிர்வெயில், மறுநாள் பார்த்தது சாம்பல். அந்தப் பக்கத்தை நான் இன்றைக்கும் மாணவர்களுக்குக் காட்டுவதுண்டு. ஏன் காட்டுகிறேன்? நான் வைத்த பெயர் தவறு. ஆனால் நேரம் எழுதியிருந்தேன், இடம் எழுதியிருந்தேன், வெயில் எந்தப் பக்கம் என்று எழுதியிருந்தேன். அதனால்தான் தவறை நானே பிடிக்க முடிந்தது. வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால், இந்த வட்டாரத்துக்கு ஒரு பொய்க் கருந்தலை நிரந்தரமாகக் குடியேறியிருக்கும்.

பெயர் தவறலாம். பெயர் மாறலாம். பார்த்ததை எழுதி வைத்தால் அது நிற்கும். இதற்கு உலகறிந்த சாட்சி ஒன்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆலன் ஆக்டேவியன் ஹியூம். பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1885இல் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கி வைத்த ஆங்கிலேய அதிகாரி. அவர் பறவைப் பைத்தியம் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. சிம்லாவில் தம் வீட்டையே பறவை அருங்காட்சியகமாக வைத்திருந்தார். 1867 நவம்பரில், இமயமலையில், சட்லெஜ் பள்ளத்தாக்கில் ராம்பூர் பக்கம், ஒரு சின்னப் பழுப்புக் குருவியைச் சுட்டு எடுத்தார். நாணல் கதிர்க்குருவி வகை. நம் ஏரிக்கரைப் புதரிலும் குளிர்காலத்தில் அதன் உறவினம் 'டக், டக்' என்று நாக்கைத் தட்டுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருக்கும். ஆளைப் பார்ப்பதுதான் கடினம். எல்லாம் ஒரே பழுப்பு. ஆனால் ஹியூமின் கையில் இருந்த குருவிக்கு அலகு வழக்கத்தைவிட நீளம். இறக்கை வழக்கத்தைவிடக் குட்டை. என்ன பறவை என்று தெரியவில்லை. புதிது என்று சொல்லிப் பெயர் வைத்தார். அந்தப் பெயரை வேறொரு பறவைக்கு முன்பே வைத்துவிட்டார்கள் என்று 1905இல் ஓபர்ஹோல்சர் என்பவர் மாற்றி, ஓரைனஸ் என்று வைத்தார்.

பெயர் மாறியதோடு முடிந்ததா? இல்லை. உலகம் அறிந்து அந்தப் பறவை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுவும் உயிரில்லாமல், பஞ்சு அடைத்து, இழுப்பறையில். இது புது இனமே இல்லை, வேறோர் இனத்தின் துணையினம் என்றார்கள் சிலர். கலப்புப் பிறவி என்றார்கள் சிலர். ஏதோ ஒரு குருவி கோணலாகப் பிறந்துவிட்டது என்றார்கள் சிலர். நூறு ஆண்டுக்கு மேல் இந்தப் பேச்சு ஓடியது.

இதற்கு நடுவில் ஹியூமுக்கு ஒரு பேரிடி. பல ஆண்டு உழைத்து எழுதி வைத்திருந்த பறவைக் குறிப்புகளின் கையெழுத்துப் பிரதிகளை, வேலையாள் ஒருவர் பழைய காகித விலைக்குக் கடைத்தெருவில் போட்டுவிட்டார். பொட்டலம் மடிக்கப் போய்விட்டது. நினைத்துப் பாருங்கள்! மனிதர் மனம் விட்டுப்போனார். 1885இல், முட்டைகளையும் சேர்த்துச் சுமார் 82,000 என்ற கணக்கில் இருந்த தம் சேகரிப்பை லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். குறிப்பேடு போனது. ஆனால் ஒவ்வொரு பறவையின் காலிலும் நூலால் கட்டியிருந்த அட்டைச்சீட்டு போகவில்லை. எங்கே கிடைத்தது, எந்த நாள், யார் எடுத்தது என்று விரல் நீளச் சீட்டில் இரண்டு வரி. அந்த இரண்டு வரிதான் பிறகு பேசியது.

2002இல் பென்ஷ், பியர்சன் என்ற இருவர் அந்தப் பழைய உடலின் இறகிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். துணையினமும் இல்லை, கலப்பும் இல்லை. தனி இனம் என்று தெரிந்தது. சரி, தனி இனம், உயிரோடு எங்கே? 2006 மார்ச் 27. தாய்லாந்தில், பாங்காக்குக்குத் தெற்கே, கடலோரத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற குளங்கள். பிலிப் ரவுண்ட் என்பவர் அங்கே வலை கட்டிக் குருவி பிடித்து வளையம் போடுகிறவர். அன்று வலையில் விழுந்தவற்றுள் ஒன்றுக்கு அலகு நீளம், இறக்கை குட்டை. 'கதிர்க்குருவி' என்று எழுதிவிட்டுப் பறக்க விட்டிருக்கலாம். பத்து பேரில் ஒன்பது பேர் அதைத்தான் செய்வார்கள். அவர் அளந்தார், படமெடுத்தார், இறகை எடுத்துச் சுவீடனுக்கு அனுப்பினார். ஹியூமின் குருவியோடு பொருந்தியது. நூற்று முப்பத்தெட்டு ஆண்டு கழித்து அந்தக் குருவி திரும்பி வந்தது. எங்கே? கழிவுநீர்க் குளத்தில்!

கதை இன்னும் இருக்கிறது. இங்கிலாந்தில் டிரிங் என்ற ஊரில் இருக்கிற அருங்காட்சியகத்தின் இழுப்பறையைத் திறந்து பார்த்தார்கள். வேறு கதிர்க்குருவிகளோடு கலந்து, வேறு பெயரில், 1869இல் வட இந்தியாவில் எடுத்த இன்னொன்று படுத்திருந்தது. 2008இல் பல அருங்காட்சியகங்களில் தேடி மேலும் பத்து கண்டுபிடித்தார்கள். பெயர் தவறாக எழுதியிருந்தது. தேதியும் இடமும் சரியாக எழுதியிருந்தது. அந்தத் தேதியையும் இடத்தையும் கோத்துத்தான் குருவி கோடையில் எங்கே இருக்கும் என்று கணக்குப் போட முடிந்தது. அதே காலத்தில் ஆப்கானிஸ்தானத்தின் வாகான் பள்ளத்தாக்கில் அது பாடுவதைக் கேட்டார்கள், பிடித்தும் பார்த்தார்கள்.

முன்வரிசைப் பிள்ளைகளைக் கேட்கிறேன். இந்தக் கதையில் யார் பெரிய ஆள்? பெயர் வைத்த ஹியூமா? பெயரை மாற்றியவரா? மரபணு பார்த்தவரா? என் கணக்கில், சீட்டு எழுதிக் கட்டியவர்தான். அது பெரும்பாலும் யார் என்றே தெரியாத ஒரு உதவியாளராக இருக்கும்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். நீலகிரிச் சோலைக்காட்டில், தரையோடு தரையாக, இருட்டில் தத்தித் திரிகிற நீலக் குருவி ஒன்று உண்டு. மதராஸ் பட்டாளத்து மருத்துவர் ஜெர்டன் 1840களில் உலகுக்குச் சொன்னது. இந்த ஜெர்டன் நமக்கு அயலார் இல்லை. ஏரிக்கு வடக்கே நெல்லூரில் வேலை பார்த்தவர். 1868இல் பிளான்ஃபோர்டு என்பவர் பழனிமலையில் அதன் ஜாடையில் இன்னொன்றைச் சொன்னார். நீலகிரியில் இருப்பதற்கு விலாவில் செம்பழுப்பு. பழனியில் இருப்பதற்கு அந்த இடத்தில் நீலச்சாம்பல், நடுவயிறு வெள்ளை. அவ்வளவுதான் வேறுபாடு. ஒரே இனத்தின் இரண்டு துணையினம் என்று நெடுங்காலம் புத்தகங்கள் சொல்லிவந்தன. நடுவில் என்ன இருக்கிறது? பாலக்காட்டுக் கணவாய். நாம் ரயிலில் அரைத்தூக்கத்தில் கடக்கிற கணவாய். குளிர்ந்த சோலையை விட்டு இறங்காத குருவிக்கு அது கடல். பறவை ஆய்வாளர் வி. வி. ராபினும் அவரோடு உழைத்தவர்களும் மலை மலையாகப் போய், பிடித்து, அளந்து, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, பாட்டையும் பதிவு செய்தார்கள். பல லட்சம் ஆண்டுகளாக இரண்டும் தனித்தனி என்று தெரிந்தது. 2017இல் அவற்றுக்குப் புதிய பேரினமே அமைத்தார்கள்: ஷோலிகோலா, சோலையில் வாழ்வது. அழைக்கும் பெயர் சோலைக்கிளி. அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது ஒன்றும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. நமக்குக் கிளி என்றால் பச்சைக்கிளிதான். மேற்கே மலையாளத்தில் சின்னப் பறவை எல்லாமே கிளிதான். பெயர் அங்கிருந்து வந்தது, ஆகவே யாரும் மூக்கைத் தேட வேண்டாம்.

சோலைக்கிளியில் வெளித்தோற்ற வேறுபாடு கொஞ்சம், உள்ளே ஆழமான பிளவு. நம் வாலாட்டி நேர் எதிர். வெளியே தலைக்குத் தலை வேறுபாடு. உள்ளே மரபணுவைப் பார்த்தால் பெரும்பகுதி ஒன்றே. தலை நிறத்தை வைத்துப் போட்ட குடும்ப வரிசையும், மரபணுவை வைத்துப் போட்ட வரிசையும் ஒத்துவரவில்லை என்று 2018இல் ஆய்வு வந்தது. வெள்ளை வாலாட்டியில் இரண்டு துணையினங்கள் சைபீரியாவில் சந்தித்துக் கலக்கிற இடத்தை ஆராய்ந்தார்கள். முகத்தின் கருப்பு வெள்ளையைத் தீர்மானிப்பது மரபணுத் தொகுதியில் இரண்டே இரண்டு சின்னப் பகுதி என்று 2021இல் கண்டார்கள். அப்படியானால் கண்ணால் பார்த்துத் துணையினம் பிரிப்பது வீண் வேலையா? சிலர் அப்படிச் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பங்குனியில் ஆண்டார்மடம் வயலில் நிற்கிற ஒரு பீமா, தான் கசகஸ்தான் பக்கம் போகிற கூட்டம் என்பதைத் தலையில் எழுதிக் காட்டுகிறது. பக்கத்தில் நிற்கிற துன்பெர்கி இன்னும் வடக்கே போவது. எது முன்னால் கிளம்புகிறது, எது கடைசி வரை தங்குகிறது, எது வயலில் மேய்கிறது, எது சேற்றில் மேய்கிறது? இவற்றை மரபணுக் கூடத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. இங்கே நிற்கிறவர்தான் சொல்ல முடியும்.

இங்கே நிற்கிறவர் என்றேனே, அதற்கு ஒரு பெரியவரின் கதை. ஏரிக்கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் நோட்டும் கையுமாக நிற்கிறேன். "இன்னா வாத்தியாரே, மீன எழுதறதுக்கே ஆளக் காணோம், நீங்க குருவிய எழுதிக்கினு கீறீங்க?" என்றார். வாலாட்டியைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "ஐப்பசில வர்றது மண்ணு கலரு. பங்குனில போறது மஞ்ச. அது வேற குருவி, இது வேற குருவி" என்றார். "இல்ல நைனா, ரெண்டும் ஒண்ணுதான். இங்க வந்து எறகு மாத்திக்குது" என்றேன். வலையைக் கீழே வைத்தார். "ஒண்ணுதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கால்ல கயிறு கட்டிப் பாத்தீங்களா?"

நான் வாயடைத்துப் போனேன். எவ்வளவு சரியான கேள்வி! பறவை ஆராய்ச்சியில் ஒரு பெரிய வேலையே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் நடக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959இல் பறவையியலாளர் சாலிம் அலியின் வழிகாட்டுதலில் வலசைப் பறவைகளுக்கு வளையம் போடுகிற பெரிய திட்டத்தைத் தொடங்கியது. நம் கோடியக்கரையில் பல்லாண்டு அந்த வேலை நடந்தது. காலில் மெல்லிய உலோக வளையம், அதில் எண், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லி ஒரு வரி. பெரியவர் சொன்ன கயிறு அதுதான். ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வலையிலோ கரையிலோ வளையம் போட்ட பறவை எது கிடைத்தாலும், செத்திருந்தாலும், வளையத்தின் எண்ணையும் தேதியையும் இடத்தையும் எழுதுங்கள், கைபேசியில் படம் எடுங்கள். அந்த எண் எங்கோ ஒரு ஏட்டில் காத்துக்கொண்டிருக்கிறது.

எழுதுவது நம் பக்கத்துக்குப் புதிதா? பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைக்குப் போயிருப்பீர்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டிய கூட்டம். கோட்டை போயிற்று, கப்பல் போயிற்று, வியாபாரம் போயிற்று. கல்லில் வெட்டிய பெயரும் தேதியும் நிற்கிறது. பறவையிலும் அப்படித்தான். புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்டு பக்லி என்பவர் மதராஸ் பறவைகளைப் படம் வரையச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1713இல் ஜான் ரேயின் பறவை நூலில் பின்னிணைப்பாக அவை அச்சேறின. இந்தியப் பறவைகளைப் பற்றி அச்சில் வந்த மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது. அதற்கும் நம் கடற்கரைதான் ஊற்று. இன்னொரு செய்தி. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து காலையில் விசில் அடிக்குமே கருப்பு வெள்ளை வாலாட்டி, ஆண்டு முழுதும் நம்மோடு இருக்கிறதே, அந்த வெண்புருவ வாலாட்டிக்கு 1789இல் கிமெலின் என்பவர் வைத்த பெயர் என்ன தெரியுமா? மதராஸ்பட்டென்சிஸ். ஊருக்கே பெயர் மாறிப்போனது. குருவி இன்னும் மதராஸ்தான்.

1929, 30இல் வெர்னே என்ற செல்வர் பணம் கொடுக்க, கிழக்குத் தொடர்ச்சி மலை முழுக்கப் பறவை சேகரித்தார்கள். விஸ்லர், கின்னியர் என்ற இருவரும் அவற்றை வரிசை வரிசையாக அடுக்கி, பல ஆண்டு பம்பாய்க் கழக இதழில் எழுதினார்கள். அவர்கள் வேலையிலிருந்து நான் கற்றது ஒன்று: ஒற்றைப் பறவையை வைத்துத் துணையினம் பேசாதே. பத்தை அடுக்கிப் பார். இறகு தேய்ந்தது எது, வயது குறைந்தது எது, எந்த மாதம் எடுத்தது என்று பார்த்துவிட்டுப் பேசு. அன்று அவர்கள் சுட்டு அடுக்கினார்கள். இன்று நாம் சுட வேண்டாம். படத்தை அடுக்கலாம்.

படம் என்றதும் பிள்ளைகள் கைபேசியைத் தொடுகிறீர்கள், தெரிகிறது. எடுங்கள். ஆனால் கைபேசி தன் இஷ்டத்துக்கு நிறத்தை ஏற்றும். சாம்பலை நீலமாக்கும், மண்ணை மஞ்சளாக்கும். ஆகவே தலையைப் பக்கவாட்டில் ஒரு படம், முதுகு ஒரு படம், நிழலில் நிற்கும்போது ஒரு படம். குரலைப் பதிவு செய்யுங்கள். கீழ்த்திசை மஞ்சள் வாலாட்டி என்று இப்போது தனி இனமாகப் பிரித்திருக்கிறார்களே, அதை மேற்கத்திய மஞ்சள் வாலாட்டியிலிருந்து பிரிக்கக் குரல் பெரிய துணை. நோட்டில் எழுதும்போது வெள்ளைப் புருவம் இருந்ததா என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கே தொடங்கியது, கண்ணுக்குப் பின்னால் எவ்வளவு போனது, கன்னத்தில் வெள்ளைக் கீற்று உண்டா, தொண்டை மஞ்சளா வெள்ளையா என்று எழுதுங்கள். பார்க்க முடியாமல் போனதையும் எழுதுங்கள். பெட்டையாக இருந்தால்? மஞ்சள் வாலாட்டி என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். அதில் வெட்கம் இல்லை. உலகப் பறவைப் பதிவேடான இ-பேர்டிலேயே துணையினம் சொல்லாமல் பதிவு செய்ய இடம் வைத்திருக்கிறார்கள். வல்லவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். என்னைப் போல இரண்டு கோடு போடுகிறவர்கள்தான் அவசரப்படுவோம்.

வயல் குறைகிறது, மேய்ச்சல் தரையில் சீமைக்கருவேலம் ஏறுகிறது, அதெல்லாம் நீங்கள் தினம் பார்ப்பது, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்குக் கொடுத்த நேரமும் முடியப் போகிறது. அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கடைசியாக ஒரு அறிவிப்பு மட்டும். பங்குனி முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆண்டார்மடம் வயலோரத்தில் நிற்பேன். வர விரும்புகிறவர்கள் நோட்டு, பேனா, தொப்பி கொண்டு வாருங்கள். தொலைநோக்கி என்னிடம் இரண்டு இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம். வலைக்காரப் பெரியவரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். கயிறு பற்றிய கேள்வியை அவர் இன்னும் விடவில்லை. கிழக்கே முதுகு காட்டித்தான் நிற்க வேண்டும், வெயில் நமக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஒன்பதரைக்கு மேல் யாரும் தலை நிறத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.